கிழிசல் என்ன விலை, தாயி?

வா தாயி, இப்படித் திண்ணை வெளிச்சத்துக்கு வந்து நில்லு. முன்னயும் பின்னயும் ஒரு தடவ திரும்பு. சரி, பாத்துட்டேன். மேலுக்குக் கண்டாங்கிச் சேலை. தோளுல ரெண்டு பலூனை ஊதிக் கட்டுன ஜாக்கெட்டு. காதுல பாம்படம். மூக்கு குத்தாமலே ஒட்டவச்ச மூக்குத்தி. கால்ல மட்டும் பந்து விளையாடுற பூட்சு. ஆக மொத்தம் நூறு வருசத்தை ஒரே உடம்புல சுத்திக்கிட்டு பஸ் ஏறி வந்திருக்க. எங்க காலத்துல இப்படி ஒருத்தி தெருவுல வந்திருந்தா வேப்பிலையும் விபூதியுமா ஆள் ஓடியாந்திருப்பாக. இப்ப கேமராவும் குடையுமா ஓடியாராக. எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு.

மூஞ்சியத் தூக்காத. நான் ஒண்ணும் விவரம் தெரியாத ஆளில்ல. காரைக்குடி ஜவுளிக்கடையில கஜக்கோலைப் பிடிச்சே தலை நரைச்சவன். சீட்டியா, மல்லா, பாப்ளினா, வாயிலான்னு கண்ணை மூடிக்கிட்டுத் தடவியே சொல்லிப்புடுவேன். உடுப்பு விசயத்துல இந்தச் சீமைச் சனம் பண்ணுன கூத்து அம்புட்டும் என் கஜக்கோலைத் தாண்டித்தான் போயிருக்கு. அதனாலதான் நீ போன்ல, 'ஐயா, இனிமே நான் அந்தக் காலத்து ஆளுக கட்டுனபடிதான் கட்டப் போறேன்'னு சொன்னப்ப உள்ளுக்குள்ள சிரிச்சேன். அந்தக் காலத்து ஆளுகள நீ படத்துல பாத்திருக்க. நான் அவுககிட்ட விலை பேசியிருக்கேன்.

மொதல்ல அந்த ஜாக்கெட்டு. பலூன் கையி பழசுன்னு உனக்கு யாரு சொன்னது? 1950-கள்ல சாவித்திரியும் பத்மினியும் போட்டுக்கிட்டு வந்தப்ப அது புத்தம் புதுசு. கொட்டகையில படம் பாத்துட்டு நேரா டெய்லர்கிட்ட வந்து, அந்தக் கையை விரலாலயே காத்துல வரைஞ்சு காட்டி 'இப்படித் தைங்க'ம்பாக டவுன் பொம்பளைக. எங்க கிராமத்துல அப்ப ரவிக்கைக்கே வழியில்ல. என்னப் பெத்த மகராசி சாகுற வரைக்கும் முந்தானையத் தவிர மார்ல ஒரு துண்டுத் துணி போட்டதில்ல. வீட்டுக்கு வந்த மருமக ரவிக்கை போட்டதப் பாத்து, 'இவளுக்கு மட்டும் என்னடா இம்புட்டுக் குளிரு?'ன்னு கேட்டவ. அசல் பழசு வேணும்னா அதுதான் அசல். வேணாமா? அப்பச் சரி, பலூனே இருக்கட்டும்.

சேலையப் பத்தியும் ஒரு வார்த்தை. கண்டாங்கிய முன்னால கொசுவம் வச்சு, நுனி தரையில புரள விட்டிருக்க. அதைப் பின்கொசுவம் வச்சு, கணுக்காலுக்கு மேல ஏத்திக் கட்டுவாக. நாத்து நடணும், கம்மாயில குடத்தோட இறங்கணும், படியேறணும், நெல்லுக் குத்தணும். காலைத் தடுக்குற சேலையக் கட்டிக்கிட்டு எவ இதெல்லாம் செய்வா? முரட்டு நூலு, பெரிய கட்டம், அகலக் கரை, அரக்கும் மஞ்சளும் கறுப்பும். அடிச்சுத் துவைச்சாலும் அசையாது. 2019-ல காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு குடுத்தாக. அதே வருசம் திண்டுக்கல் பூட்டுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் குடுத்தாக. சந்தோசம். ஆனா எங்க கடையில கண்டாங்கி கிடந்த இடம் அடித்தட்டு, தாயி. குனிஞ்சு எடுக்கணும். மேல்தட்டுல என்ன இருந்துச்சுங்கற கதைக்குப் பொறவு வாரேன்.

இந்தப் பாம்படத்தக் கொஞ்சம் கழட்டிக் குடு. அடேயப்பா, காத்தாட்டம் இருக்கு! பின்னால கொக்கி வேற. உன் கொள்ளுப் பாட்டி காதுல கிடந்ததுக்குக் கொக்கி கிடையாது. அதுக்கு முன்னால ஒரு காதையே தயார் பண்ணணும். கைப்பிள்ளையா இருக்கும்போதே காதைக் குத்தி, ஓட்டையில பஞ்சைத் திரிச்சு வச்சு, கொஞ்சங்கொஞ்சமாப் பெருசாக்கி, அப்புறம் ஈயத்துல செஞ்ச குணுக்கைத் தொங்கவிடுவாக. அந்தப் பாரத்துல காது நாளுக்கு நாள் இறங்கும். தோளைத் தொட்டாத்தான் 'காது வளத்த பிள்ளை'ன்னு பேரு. அந்தப் பிள்ளை ராத்திரி ஒருச்சாய்ச்சுப் படுக்க முடியாம அழுவும், புண்ணாகும், வேப்பெண்ணெய் தடவுவாக, மறுபடியும் குணுக்கு ஏறும். அம்புட்டுக்கும் பொறவுதான் தங்கத் தகட்டுல செஞ்சு உள்ளுக்க அரக்கு ரொப்புன பாம்படமும் தண்டட்டியும் முடிச்சும் ஏறும். நடந்தா ஆடும், தலைய ஆட்டிச் சண்டை போட்டா அதுவும் சேந்து சண்டை போடும்.

அப்புறம் என்னாச்சு தெரியுமா? டவுன்ல இருந்து கம்மல் போட்ட மருமகளுக வர ஆரம்பிச்சாக. தொங்கு காதப் பாத்து 'பட்டிக்காடு'ன்னு சிரிச்சாக. எங்க அத்தை ஒருத்தி, வளத்த காதை ஆஸ்பத்திரியில அறுத்துத் தச்சுக்கிட்டு வந்து, கட்டோட என் முன்னால நின்னு, 'கம்மல் போட்டா எனக்கு நல்லா இருக்கும்ல?'ன்னு கேட்டா. அவ ஒருத்தி மட்டுமில்ல, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கமெல்லாம் பொம்பளைக வரிசையா நின்னு காதைச் சுருக்கிக்கிட்டாக. பாம்படத்த உருக்கி மகளுக்குச் சங்கிலியாக்கிட்டாக. அந்தச் சங்கிலிதான் உங்கம்மா கழுத்துல கிடக்கு. இப்ப நீ கவரிங்கல ஒரு பாம்படம் வாங்கிக் கொக்கியில மாட்டிக்கிட்டு, 'பாட்டிமாரோட அழகு'ன்னு அதுக்குக் கீழ எழுதுற. பாட்டி ரத்தம் சிந்தி அதுல இருந்து தப்பிச்சு ஓடியாந்தா. நீ காசு குடுத்து எதிர்ல போயி மாட்டிக்கிற. போட்டுக்க, போட்டுக்க. வலிக்காத பாம்படம் நல்ல பாம்படம்தான்.

இப்ப மேல்தட்டுக் கதைக்கு வாரேன். எங்க தலைமுறை ஏங்குனது டெரிலினுக்கு. 1941-ல இங்கிலாந்துல ரெண்டு பேரு கண்டுபிடிச்ச நூலு அது. எங்க காதுக்கு அது வந்து சேர இருபது வருசம் ஆச்சு. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன சபராளிக ரஜூலா கப்பல்ல வந்து நாகப்பட்டினத்துல இறங்குவாக. பொட்டியத் தொறந்தா வாசனைச் சோப்பு, கோடாலித் தைலம், அதுக்கு அடியில டெரிலின் சட்டை. சுருக்கம் விழாது, இஸ்திரி வேணாம், ராத்திரி அலசிப் போட்டா காலையில மாட்டிக்கலாம். அந்தச் சட்டையோட ஒருத்தன் கடைத்தெருவுல நடந்தா, கதர்ச் சட்டைக்காரன் தானா ஒதுங்கி வழிவிடுவான். பொம்பளைகளுக்கு நைலெக்ஸ் சேலை. 'பருத்தி எதுக்குண்ணே, அது வயக்காட்டுக்கு, நைலெக்ஸ் எடுங்க'ம்பாக. நானும் கண்டாங்கிய ஓரமாத் தள்ளிப்புட்டு, மேல்தட்டுல இருந்து பளபளன்னு எடுத்து விசிறிக் காட்டுவேன். சித்திரை மாசத்துல அந்த டெரிலினைப் போட்டுக்கிட்டு வெயில்ல நின்னா, மூடி போட்ட இட்லிச் சட்டி கணக்கா உடம்பு உள்ளுக்க வேகும். முதுகு பூரா வேர்க்குரு. யாராவது கழட்டுனானா? மாட்டான். கௌரவம்னா கொஞ்சம் வேகத்தான் செய்யும்.

பெல்பாட்டமும் அப்படித்தான். நான் மொத மொத தச்சுக்கிட்டு வந்தப்ப எங்க ஐயா திண்ணையில உக்காந்திருந்தாரு. என் காலை மட்டும் பாத்தாரு. 'பஞ்சாயத்துல தெருக்கூட்ட ஆளில்லைன்னாக, நீ வந்துட்டியாக்கும்'னாரு. 2008-ல சுப்பிரமணியபுரம் படம் வந்தப்ப உங்கப்பன் கொட்டகையில உக்காந்து, 1980 மதுரையத் தத்ரூபமா எடுத்திருக்கான்யான்னு கண்ணு கலங்குனான். அதே பெல்ஸ், அதே ஸ்டெப் கட்டிங்கோட அவன் அன்னிக்கு என் முன்னால வந்து நின்னப்ப நான் அவனைத் திட்டுன திட்டு எனக்குத்தான் தெரியும். நான் போட்டதைத்தான் அவனும் போட்டான்ங்கறது வேற விசயம். அதை அவன்கிட்ட இப்ப போயி சொல்லி வைக்காத.

இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். அந்தக் காலத்து ஆளுக யாரும் அந்தக் காலத்து உடுப்பு உடுத்தல, தாயி. இருக்குறதுலயே புதுசு எதுவோ அதுக்குத்தான் பறந்தோம். கையில காசு இல்லாதவன் பழசை உடுத்துனான், அவனும் காசு வந்த அன்னிக்கு அதைத் தூக்கி எறிஞ்சான். எறிஞ்சதுக்கும் சாட்சி இருக்கு. 'பழைய துணிக்குப் பாத்திரம்'னு கூவிக்கிட்டு எவர்சில்வர்க்காரன் வருவான். உங்க அப்பத்தா கண்டாங்கி, சுங்கடின்னு நாலு சேலையக் குடுத்து ஒரு டவரா வாங்குனா. பித்தளைக் குடத்தைப் போட்டுட்டு பிளாஸ்டிக் குடம் வாங்குனா, இடுப்பு வலிக்கலைன்னு ஊரு பூரா சொன்னா. 'பழைய பட்டுச் சேலை இருக்கா'ன்னு இன்னொருத்தன் வருவான். அவனுக்கு சேலையே வேணாம். சரிகையில இருக்குற வெள்ளிதான் வேணும். மொத்தமா நெருப்புல போட்டு, வெள்ளிய எடுத்துக்கிட்டுச் சாம்பலை ஊதி விட்டுருவான். நீ இப்ப தேடுற கல்யாணப் பட்டு அந்தச் சாம்பல்ல போச்சு. அழுவாத. டவரா இருக்கு, அதுல காப்பி தாரேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு நேத்து போனியாம்ல? பழைய சாமான் கடைக. ரவிவர்மா படம், பர்மாப் பொட்டி, எனாமல் தூக்குச்சட்டி, பீங்கான் சாடி. அதுல பாதி எங்க தெருவுல இருந்து எடைக்குப் போன சாமான். நான் போனா கடைக்காரன் என்னை உள்ள விடமாட்டான். 'ஏன்ப்பா, இது எங்க மச்சான் வீட்டு மோர்ச்சட்டியில்ல'ன்னு வாடிக்கைக்காரன் முன்னாலயே கேட்டுப்புடுவேன்னு பயம்.

படம் எடுக்கப் பெரிய வீட்டுக்குப் போறீகளே, அங்க அந்த கேமராக்காரன் உன்னைப் பர்மாத் தேக்குத் தூணுல சாஞ்சு, ஆத்தங்குடித் தரையில கால நீட்டி, ஏக்கமாப் பாருங்கறான். யாரை நெனச்சு ஏங்குறதுன்னு அவனும் சொல்லல, நீயும் கேக்கல. நான் சொல்றேன். அந்த வீட்டுக்காரவுக பர்மாவுல லேவாதேவி பண்ணுனவுக. 1942-ல ஜப்பான்காரன் உள்ள நுழைஞ்சதும் போட்டது போட்டபடி கிளம்பி, காடு மலையெல்லாம் நடந்து வந்தவுக எத்தனையோ பேரு. யுத்தம் முடிஞ்சு திரும்பிப் போனா, சுதந்திரம் வாங்குன பர்மா அவுக நிலத்தையெல்லாம் எடுத்துக்கிச்சு. வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிக, கூரைக்கு ஒட்டுப்போட ஒருத்தர்கிட்டயும் காசில்ல. சில வீட்டைத் தூணு தூணாப் பிரிச்சு வித்தாக. மிச்சம் பூட்டிக் கிடந்துச்சு. அந்தப் பூட்டிக் கிடந்த வீடுகதான் இப்ப மணிக்கணக்குல வாடகைக்குப் போவுது. ஏங்குறதுக்கு விசயம் இல்லாம இல்ல. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பி ஏங்கு, படம் நல்லா விழும்.

உன் தம்பிய எங்க? அந்தக் கிழிசல் பேன்ட்டுக்காரன? அவன்கிட்ட விலை கேட்டேன், சொன்னான். நான் காது கேக்கலைன்னு மறுபடியும் கேட்டேன், மறுபடியும் அதையே சொன்னான். அந்த ஜீன்சு அமெரிக்காவுல சுரங்கத்துலயும் மரம் வெட்டுற இடத்துலயும் பாடுபட்டவன் போட்டது. பாக்கெட்டு கிழியாம இருக்க செப்பு ஆணி அடிச்சு, 1873-ல காப்புரிமை வாங்குனாக. கிழியக்கூடாதுன்னு ஆணி அடிச்ச பேன்ட்ட இன்னிக்குக் கிழிச்சு விக்கிறாக. திருப்பூர்ல இருக்க உன் சித்தப்பன் சொன்னான், எரிமலைக் கல்லைப் போட்டு மிசின்ல உருட்டி வெளுக்க வைப்பாகளாம். துருக்கியில மணலைப் பீச்சி அடிச்சே தேய வச்சிருக்காக. அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போயி வேலை பாத்த இளவட்டப் பயலுக மூச்சுவிட முடியாமச் செத்தானுக. 2009-ல அந்த நாட்டு அரசாங்கம் அதைத் தடை பண்ணுச்சு. பழசாக்குறதுக்கு ஒரு பேன்ட்டைக் குடுத்தா நம்ம முனியாண்டி சும்மா ரெண்டு வருசம் கொத்து வேலைக்குப் போட்டுக்கிட்டுத் திருப்பித் தந்திருப்பான். முழங்கால்ல கிழிசல், தொடையில வெளுப்பு, பின்னால சிமெண்டு, எல்லாம் அசல். கூலியும் கேக்க மாட்டான்.

துணியப் பழசாக்கி விக்கிற வித்தைய வெள்ளைக்காரனுக்குச் சொல்லிக் குடுத்ததுல நம்மாளுக்கும் பங்கு உண்டு. ஜவுளிக்காரன் மத்தியில ஒரு கதை உலாவும். 1958-ல ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க யாவாரி மெட்ராசுக்கு வந்தாரு. கிருஷ்ணன்னு ஒரு ஏற்றுமதிக்காரர்கிட்ட கட்டம் போட்ட கைத்தறித் துணி வாங்குனாரு. பச்சிலைச் சாயம், தண்ணிய கண்டா ஓடும். பச்சைத் தண்ணியில பதமா அலசணும்னு சொல்லித்தான் குடுத்திருக்காரு. ஜேக்கப்சன் அதை அமெரிக்காவுல ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குத் தள்ளி விட்டப்ப இந்தச் சங்கதிய மட்டும் சொல்லல. வாங்குனவன் மிசின்ல போட்டான். ஒரு கட்டத்துச் சாயம் அடுத்த கட்டத்துல ஏறி, மத்த துணியெல்லாம் சேந்து ஹோலி கொண்டாடிருச்சு. வழக்குப் போடப் போறோம்னு குதிச்சாக. கடைசியில விளம்பரம் எழுதுறவுக உள்ள வந்து, 'சாயம் போகும்னு நாங்க உத்தரவாதம் தாரோம், துவைக்கத் துவைக்கப் புதுசு புதுசாக் கோலம் மாறும்'னு எழுதுனாக. சனம் முண்டியடிச்சு வாங்குச்சு! இங்க சாயம் போன துண்டைத் தூக்கிக்கிட்டு என் மொகத்துல வீச எத்தனை பேரு வந்திருக்கான். எனக்கு அந்த வாக்கியம் மட்டும் அப்ப கிடைச்சிருந்தா, நான் ஏன் கஜக்கோல் பிடிக்கிறவனாவே இருந்திருக்கப் போறேன்?

வாட்ச்சு ஒண்ணு கட்டியிருக்கியே, எச்.எம்.டி.யா? காட்டு. ஜப்பான் சிட்டிசன்காரனோட சேந்து 1961-ல பெங்களூர்ல ஆரம்பிச்சது. அப்பல்லாம் அது இல்லாம மாப்பிள்ளை மணவறையில உக்கார மாட்டான். இது மூஞ்சிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடிச்சது, எழுத்தே கோணல். பரவால்ல. ஆனா ஓடலையே? தெனம் காலையில எந்திரிச்சதும் சாவி குடுக்கணும், தாயி. நேரம் பாக்கப் போனைத் தேடுனா, கையில கிடக்குறது என்ன?

சரி, இம்புட்டுத் தூரம் வந்துட்ட. ஒரு விசயமாச்சும் உருப்படியாச் சொல்லி அனுப்புறேன். எங்களைப் பாத்து எதையாவது காப்பியடிக்கணும்னா, நாங்க எதைக் கட்டுனோம்ங்கறதை விடு. கட்டுனதை என்ன பண்ணுனோம்னு பாரு. பருத்திச் சேலைக்குச் சோத்துக் கஞ்சி, மொற மொறன்னு இல்ல, தண்ணியாட்டம். நிழல்ல உலத்து. பட்டுன்னா மடிச்ச மடிப்புலயே வருசக்கணக்கா வைக்காத, அந்த மடிப்புலயே இத்துப்போகும். எடுத்து வேற பக்கமா மடி. வேப்பிலையோ வசம்போ போதும், அந்துருண்டைய நேராச் சேலை மேல போடாத, சரிகை கறுக்கும். சேலை நைஞ்சா பாவாடை தாவணி. அதுவும் நைஞ்சா தூளி. உங்கப்பன் தூங்குனது உங்க கொள்ளுப் பாட்டி கண்டாங்கியில, புதுச் சேலையில கட்டுனா பிள்ளை சிணுங்கும். தூளி கிழிஞ்சா தலகாணி உறை, அப்புறம் அடுப்படிக்குக் கரித்துணி, கடைசியா ஒரு கிழிசல் விளக்குக்குத் திரியாப் போகும். நீ பீரோவுல அடுக்கியிருக்க நாப்பது சேலையில ஒண்ணாச்சும் கரித்துணி வரைக்கும் வருமா? ஒரு தடவ படம் எடுத்தாச்சுன்னா அதை ரெண்டாந் தடவ கட்டக்கூடாதுன்னு உங்களுக்குள்ள ஒரு சட்டம் இருக்காமே. பஞ்சத்துலகூட நாங்க இப்படி ஒரு சட்டம் கேள்விப்பட்டதில்ல.

அப்பத்தா டிரங்குப் பொட்டிய உனக்குத் தாரேன்னு சொல்லியிருக்கா, அதுல கைய வைக்கும்போது பாத்து வையி. அடியில காக்கிக் காகிதத்துல சுத்தி ஒரு பொட்டலம் இருக்கும். அது என்னோட டெரிலின் சட்டை. பொத்தான் முதக்கொண்டு அசல், ஒரு சுருக்கம் கிடையாது. உன் கேமராக்காரன் கேட்டான்னா குடுக்கலாம், நான் வேணாம்ங்கல. மணிக்கு என்ன வாடகைன்னு அந்தப் பெரிய வீட்டுல விசாரிச்சுட்டேன், அதுல பாதி குடுத்தாப் போதும். உள்ள நானும் இருக்கணும்னா அது தனி ரேட்டு.